"கண்ணைச் சிமிட்டாதே" என்று சொல்வதை நிறுத்தினேன்

என் மகனுக்கு ஏழு வயதில் கண் சிமிட்டல் ஆரம்பித்தது, அப்புறம் தோளைக் குலுக்குவது, சில மாதம் கழித்து ஓயாமல் தொண்டையைக் கனைப்பது. கெட்ட பழக்கம் என்று நினைத்து அதட்டிக்கொண்டே இருந்தேன், இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

இதற்கு டிக்ஸ் என்று பெயர். தும்மலுக்கு முன் மூக்கில் ஒரு குறுகுறுப்பு வருமே, அதுபோல உள்ளே ஓர் உந்துதல் எழுந்து, செய்து முடித்தால்தான் அடங்குகிறது. கொஞ்ச நேரம் அடக்கி வைக்க முடியும் என்பதால்தான் "வேண்டுமென்றே செய்கிறான்" என்ற பழி வருகிறது, ஆனால் பள்ளியில் அடக்கியதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் வெளியே வந்துவிடும்.

பல அசைவு டிக்ஸும் ஒரு குரல் டிக்ஸாவதும் 18 வயதுக்குள் தொடங்கி ஓராண்டைத் தாண்டினால் அது டூரெட் என்ற நரம்பியல் கோளாறு. 1885இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை கத்துவது என்று நினைக்கிறார்கள், ஆனால் அது சிலருக்கு மட்டுமே வரும், தயவுசெய்து அதை வைத்து இந்தப் பிள்ளைகளை எடைபோடாதீர்கள். டிக்ஸ் பெரும்பாலும் 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பிறகு குறைகிறது.

உந்துதல் வரும்போது வேறோர் அசைவைச் செய்யப் பழக்கும் நடத்தைப் பயிற்சி இருக்கிறது; அவன் இப்போது அதைக் கற்றுக்கொண்டிருக்கிறான்.