உரிந்த பானெட்டுக்குப் பாலிஷ் உதவாது

என் பழைய பிக்கப் வண்டியின் பானெட்டிலும் கூரையிலும் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் படலம், உரிய ஆரம்பித்துவிட்டது. கதவுகளில் ஒன்றும் இல்லை. வெயில் நேராக விழும் இடம்தான் முதலில் போகும். புற ஊதாக் கதிர் அந்த மேல்படலத்தை மெல்ல மெல்ல அரித்துவிடுகிறது.

"பாலிஷ் போட்டா சரியாயிடும்ணே" என்றார் வாட்டர் வாஷ் கடைத் தம்பி. ஆகாது. மங்கிய பெயின்ட் வேறு, உரிந்த பெயின்ட் வேறு. கம்பவுண்டை (தேய்த்து மெருகேற்றும் பசை) துணியில் தொட்டுத் தேய்க்கும்போது வண்டியின் நிறம் துணியில் ஒட்டினால், அது கிளியர் கோட் இல்லாத பெயின்ட். பாலிஷில் பெரும்பாலும் மீண்டுவிடும். பழைய லாரிகள் பலவும் இந்த ரகம்தான். உரிந்த இடத்திலோ பளபளப்பாக்குவதற்குப் படலமே இல்லையே!

அதனால் பானெட் முழுவதையும் தேய்த்தேன். திட்டுத் திட்டாகச் செய்தால் பழைய கிளியரின் ஓரம் சீக்கிரமே மறுபடி தூக்கிக்கொள்ளும். 320 நம்பர் உப்புத்தாளில் ஓரங்களைக் கரைத்து, நகத்தால் வருடினால் படி தட்டாத அளவுக்கு வந்ததும், தண்ணீர் விட்டு 600-ல் ஒரு சுற்று. எனக்குப் பிடித்த வேலை இதுதான். கை வலிக்கும், பரவாயில்லை.

அப்புறம் நிறம், அதன்மேல் டூ-கே கிளியர், அதாவது ஹார்டனர் என்ற இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் கிளியர் கோட். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, சுவாசித்தால் ஆஸ்துமாவே வரலாம். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பதெல்லாம் வீரம் இல்லை. அதை மட்டும் ஸ்ப்ரே பூத்தும் சரியான முகமூடியும் வைத்திருக்கும் பெயின்டரிடம் விட்டேன்.

கூரை வேலை பொங்கலுக்கு அப்புறம்தான். மழைக்கால ஈரத்தில் கிளியர் வெளுத்துப்போக வாய்ப்புண்டு.