‘ஆம்’ என்று விழுந்த ஓட்டு

முதலீட்டு நிதி ஒன்றில் பங்குதாரர் ஓட்டுகளைப் பதிவு செய்வதுதான் என் வேலை. அதனால் டெல் வழக்கை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

2013-இல் டெல் கணினிக் கம்பெனியின் நிறுவனர் மைக்கேல் டெல்லும் சில்வர் லேக் என்ற முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து, பங்குக்கு 13.75 டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியை வாங்கினார்கள். விலை குறைவு என்று நினைக்கும் பங்குதாரர், அமெரிக்காவின் டெலவேர் மாநிலச் சட்டப்படி, நியாய விலையை நீதிமன்றமே சொல்லட்டும் என்று வழக்குப் போடலாம். அதற்குப் பெயர் அப்ரைசல் உரிமை. முக்கியமான நிபந்தனை, கம்பெனியை அப்படி விற்பதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டிருக்கக் கூடாது.

டெல் பங்குகளை வைத்திருந்த டி. ரோவ் பிரைஸ் என்ற முதலீட்டு நிறுவனம் இந்த விலையை வெளிப்படையாகவே எதிர்த்தது. ‘எதிர்ப்பு’ என்றுதான் முதலில் பதிவும் செய்தார்கள். ஆனால் கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. புதிய தேதிக்கு ஓட்டுப் படிவம் மறுபடி திறந்தபோது, கணினி தன் வழக்கப்படி ‘ஆதரவு’ என்று நிரப்பிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை!

2016 மே மாதம் டெலவேர் நீதிபதி லாஸ்டர் நியாய விலை 17.62 டாலர் என்றார். ‘ஆதரவு’ என்று ஓட்டு விழுந்ததால் டி. ரோவுக்கு அந்த விலை கிடைக்கவில்லை. தன் வாடிக்கையாளர்களுக்குச் சுமார் 19.4 கோடி டாலரைக் கைக்காசிலிருந்து கொடுத்தது.

அப்புறம் 2017 டிசம்பரில், பேரத்தில் படிந்த விலைக்கு உரிய மதிப்புத் தரவில்லை என்று டெலவேர் உச்ச நீதிமன்றம் அந்த 17.62-ஐயே ரத்து செய்துவிட்டது.

கூட்டத் தேதி மாறினால் நான் இன்றும் திரையை இரண்டு முறை பார்க்கிறேன்.