ஐந்து கிகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டு 4.8-க்குத் திரும்பினேன்

என்னிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ7-8700கே. 2017-இல் வெளிவந்த பிராசஸர். ஆறு கோர் (கணக்கிடும் அலகு), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை). ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது 4.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அனிமேஷன் ரெண்டர் செய்வதுதான், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் கணக்கிட்டுப் படமாக்குவதுதான், அதற்கு நான் கொடுக்கும் முக்கிய வேலை. ஒரு ஃப்ரேமுக்கு 6 நிமிடம் 20 விநாடி. 300 ஃப்ரேம் கொண்ட காட்சி என்றால் 31 மணி நேரத்துக்கு மேல் கணினியை அப்படியே விட்டு வைக்க வேண்டும். அந்த நேரத்தைக் குறைக்க முடியுமா என்ற கேள்வியில்தான் இது தொடங்கியது.

இந்தச் சிப்பின் பெயரில் இருக்கும் 'கே' என்ற எழுத்துக்கு மல்டிப்ளையர் பூட்டப்படவில்லை என்று பொருள். அடிப்படைக் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். அதை 43-ஆல் பெருக்கினால் 4.3 கிகாஹெர்ட்ஸ், 48-ஆல் பெருக்கினால் 4.8. மதர்போர்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். என்னுடையது இசட்370 சிப்செட், அதனால் சிக்கல் இல்லை. ஓவர்கிளாக் செய்து, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டி, சிப் கெட்டால் வழக்கமான வாரண்டி கைகொடுக்காது என்பதையும் தெரிந்துகொண்டுதான் இறங்கினேன்.

கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸைத் தொடும் முன் இருக்கிற வெப்பம் எவ்வளவு என்று பார்த்தேன். வெப்பத்தையும் வோல்டேஜையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துவிட்டு, சிப்புக்கு முழுச் சுமை கொடுக்கும் சோதனை நிரலான சினிபெஞ்ச் ஆர்23-ஐ பத்து நிமிடம் ஓட்டினேன். அறை 27 டிகிரி. சிப் 91 டிகிரி! ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட ஏற்றாத நிலையில் இது. இந்தச் சிப் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எல்லைக்கு ஒன்பது டிகிரிதான் பாக்கி. என்னிடம் இருந்தது ஒற்றை 92 மி.மீ. விசிறி கொண்ட சிறிய கூலர். அதை வைத்துக்கொண்டு வேகத்தைப் பற்றி யோசிப்பதில் அர்த்தமே இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

தண்ணீர்க் கூலரா, காற்றுக் கூலரா என்று சில நாள் யோசித்தேன். பம்ப் பழுதாகுமோ, எங்காவது கசியுமோ என்ற கவலை எனக்கு வேண்டாம். இரண்டு 140 மி.மீ. விசிறிகள் கொண்ட இரட்டைக் கோபுரக் கூலரை எடுத்தேன். உயரம் 165 மி.மீ. வாங்கும் முன்பே கேபினட்டின் உள்ளே ஸ்கேல் வைத்து அளந்துகொண்டேன். பக்கத்துக் கதவு மூடுமா என்பது ஒன்று. முன் விசிறி ரேமில் இடிக்குமா என்பது இன்னொன்று. என் ரேமுக்கு உயரமான ஹீட்சிங்க் இருந்ததால் விசிறியைக் கொஞ்சம் மேலே ஏற்றி மாட்ட வேண்டியிருந்தது.

பழைய கூலரைக் கழற்றும் முன் கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சூட்டில் இளகும். நேராக இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுத்தால் சிப்போ சாக்கெட்டோ இழுபடாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பழைய பேஸ்ட்டைத் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, கூலரை உட்கார வைத்தேன்.

முதல் முறை சரியாக வரவில்லை. நான்கு கோர்கள் 74 டிகிரி காட்ட, மற்ற இரண்டும் 85-இல் நின்றன. ஒரு சிப்பில் கோர்களுக்கு இடையே நான்கைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். பதினொன்று என்றால் கூலர் சமமாக உட்காரவில்லை என்று அர்த்தம். கழற்றிப் பார்த்தேன். பேஸ்ட் ஒரு பக்கம் மெல்லியதாகப் பரவி, மறுபக்கம் தடிப்பாகவே இருந்தது. ஒரு திருகை முழுக்க முறுக்கிவிட்டு அப்புறம் அடுத்ததற்குப் போயிருந்தேன், அதுதான் தப்பு. இரண்டாம் முறை இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறக்கினேன். எல்லாக் கோர்களும் 73-ஐ ஒட்டி வந்தன.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. கேபினட்டின் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்து அதே சுமையை ஓட்டினேன். 67 டிகிரி. கதவைத் திறந்ததற்கே ஆறு டிகிரி இறங்குகிறது என்றால், கூலர் தன் வேலையைச் செய்கிறது, உள்ளே வரும் காற்றுதான் போதவில்லை. முன்பக்கம் இரண்டு விசிறிகளைக் காற்றை உள்ளே இழுக்கும்படி சேர்த்தேன், பின்பக்கம் ஒன்று வெளியே தள்ளுகிறது. கதவை மூடியே 68. கூலரை மாற்ற நினைக்கும் யாரும் முதலில் இந்தக் கதவுச் சோதனையைச் செய்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

சரி, இப்போது பயாஸ். வேலைக் கோப்புகளை எல்லாம் வெளி டிஸ்கில் நகலெடுத்த பிறகே உள்ளே போனேன். நிலையில்லாத சிப் கோப்புகளைக் கெடுக்கும், விண்டோஸையே கெடுக்கும். ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்து வைத்தேன். கோளாறு வந்தால் அது ரேமாலா சிப்பாலா என்று தடுமாற வேண்டாம் அல்லவா.

மல்டிப்ளையரை 48 ஆக்கி, வோல்டேஜை 'ஆட்டோ'விலேயே விட்டுப் பார்த்தேன். மதர்போர்டு 1.39 வோல்ட் கொடுத்தது. உடனே நிறுத்திவிட்டேன். எந்தச் சிப்பும் தடுமாறக் கூடாது என்று மதர்போர்டு தாராளமாக அள்ளிக் கொடுக்கும். அதற்கான சூட்டைச் சுமப்பது நம் சிப். வோல்டேஜைக் கட்டாயம் கையால் வையுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

மீண்டும் கீழிருந்து தொடங்கினேன். லோட்லைன் கேலிப்ரேஷனை நடு அளவில் வைத்தேன். சுமை ஏறும்போது வோல்டேஜ் சரியும். அந்தச் சரிவை எவ்வளவு ஈடுகட்டுவது என்பதை இந்த அமைப்பு தீர்மானிக்கிறது. உச்சத்தில் வைத்தால் சுமை விலகும் கணத்தில் வோல்டேஜ் நாம் வைத்ததற்கும் மேலே துள்ளும். நான் எழுதி வைத்த அளவுகள் எல்லாமே சுமையில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ காட்டியவை. 4.3-க்கு 1.18 வோல்ட், 4.6-க்கு 1.20, 4.7-க்கு 1.23, 4.8-க்கு 1.25. ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றி, பத்து நிமிடம் ஓட்டி, வெப்பத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போனேன்.

4.9-க்கு 1.31 கேட்டது, 87 டிகிரி. 5.0-க்கு 1.36 கேட்டது, 94 டிகிரி. ஐந்து என்ற எண்ணைத் திரையில் பார்த்ததில் மகிழ்ச்சிதான், மறைக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேராகவும் ஏறும். 4.3-இலிருந்து 5.0-க்குப் போனால் வேகம் 16 சதவீதம் கூடுகிறது. மின்சாரமோ 54 சதவீதம். சிப் சூடாகச் சூடாக உள்ளே கசியும் மின்சாரமும் கூடும் என்பதால் நிஜத்தில் அதையும் தாண்டும். 30 மணி நேரம் 94 டிகிரியில் ஒரு சிப்பை நிறுத்தி வைக்க எனக்கு மனமில்லை. அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும், வெயில் நாளில் நிலைமை இன்னும் மோசமாகும். உயர் வோல்டேஜும் உயர் சூடும் சேர்ந்தால் சிப் மெல்ல மெல்லத் தேய்கிறது, பிற்பாடு அதே வேகத்துக்கு இன்னும் அதிக வோல்டேஜ் கேட்கும்.

இன்னும் பெரிய கூலர் போட்டாலும் இந்தச் சிப்பில் ஓர் அளவுக்கு மேல் பலன் இல்லை. மேல் மூடிக்கும் சிலிக்கனுக்கும் நடுவே இன்டெல் வைத்திருப்பது சால்டர் என்ற உலோகப் பற்று அல்ல, பேஸ்ட். சூடு வெளியே வருவதே அங்கே தாமதப்படுகிறது. மூடியைப் பெயர்த்துத் திரவ உலோகம் வைப்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்யவில்லை.

4.8-க்கு இறங்கி, 1.25 வோல்ட்டில் வைத்து, இரவு ரெண்டரை ஓட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் 41 ஃப்ரேம்தான் முடிந்திருந்தது, பிளெண்டர் மூடிக்கிடந்தது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் கடைசிப் பகுதியில் வன்பொருள் பிழைகளைக் கணக்கிடும் வரி ஒன்று உண்டு. அது பூஜ்யமாக இருக்க வேண்டும். எனக்கு 3 காட்டியது. சினிபெஞ்ச்சைப் பத்து நிமிடம் தாண்டிவிட்டது என்று நான் நம்பியது நான்கு மணி நேர நிஜ வேலைக்குத் தாங்கவில்லை. கணினி அணையாவிட்டாலும் அந்த வரியில் ஒன்று ஏறினாலே அந்த அமைப்பு நிலையானது இல்லை. இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

வோல்டேஜை 1.27 ஆக்கினேன். சிப்பைக் கடுமையாக வருத்தும் பிரைம்95 நிரலின் சிறு எஃப்எஃப்டி சோதனை வெப்பத்தை 95-க்கு மேல் கொண்டுபோனது, நிறுத்திவிட்டேன். என் வேலை எதுவும் அவ்வளவு கடுமையானது இல்லை. ஏவிஎக்ஸ் ஆஃப்செட்டையும் பூஜ்யத்திலேயே விட்டேன். பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் வரும்போது வேகத்தைக் குறைக்கும் அமைப்பு அது. பிளெண்டரின் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸ் அந்தக் கட்டளைகளைத்தான் பயன்படுத்துகிறது. அங்கே குறைத்தால் நான் ஏற்றியதற்கே பயன் இல்லை. விளையாட்டுக்காக ஓவர்கிளாக் செய்பவருக்கு அது வேறு கணக்கு.

அடுத்த மூன்று இரவுகள் ரெண்டர் ஓடியது. பிழை பூஜ்யம். அதிக வெப்பம் 80 டிகிரி. அதற்குப் பிறகுதான் எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டு இன்னொரு இரவு பார்த்தேன், அதுவும் பூஜ்யம். ஒரு ஃப்ரேம் இப்போது 5 நிமிடம் 40 விநாடி. 300 ஃப்ரேம் காட்சியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சம். பழைய கூலரில் 4.3-இல் இருந்ததைவிட இன்றைக்கு 4.8-இல் சிப் பதினொரு டிகிரி குளிர்ச்சியாக இருக்கிறது.

இந்த அமைப்பைப் பயாஸில் ஒரு ப்ரொஃபைலாகச் சேமித்து, எண்களைத் தாளிலும் எழுதி கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பயாஸை அப்டேட் செய்தால் சேமித்தது போய்விடலாம். மாதம் ஒருமுறை முன்பக்க வலையில் படிந்த தூசியைத் துடைக்கும்போது அதே சினிபெஞ்ச்சை ஓட்டி, அந்தத் தாளில் 80-க்குப் பக்கத்தில் அன்றைய எண்ணையும் குறிக்கிறேன்.