காடு சரி, மிராண்டியை விடு

ஒன்பதாம் வகுப்பில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு என்னுடையது. மதிய வேளையில் காசிமேட்டுக் கருவாட்டு வாடை முதலில் எங்கள் பெஞ்சுக்குத்தான் வரும். அப்படியொரு மதியத்தில் ஆங்கில ஆசிரியர் ‘பிவில்டர்’ என்ற சொல்லுக்கு என்னிடம் பொருள் கேட்டார். எழுத்துகளுக்கு நடுவே ‘வைல்டு’ ஒளிந்திருப்பது கண்ணில் பட்டது. துணிந்து எழுந்து, “காட்டுமிராண்டி, சார்” என்றேன்.

வகுப்பே அதிர்ந்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை. “காடு சரி. மிராண்டியை விட்டுவிடு” என்றார்.

பிறகு சாக்பீஸால் சொல்லை இரண்டாக வெட்டினார். முன்னால் நிற்கும் ‘பி’ வெறும் ஒட்டு. மிச்சமுள்ள ‘வில்டர்’ என்றால் வழி தவறவைப்பது, ஆளைக் காட்டுக்குள் இழுத்துப்போய் விடுவது. வனாந்தரத்தைக் குறிக்கும் ‘வில்டர்னஸ்’ என்ற சொல்லிலிருந்து ஒடித்தெடுத்த கிளையாக அது இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. ‘பிவில்டர்’ எழுத்தில் தலைகாட்டியது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ‘வில்டர்னஸ்’ என்ற அந்தச் சொல்லுக்குள்ளே ஒரு மானும் நிற்கிறது. நடுவிலுள்ள ‘டர்’ பழைய ஆங்கிலத்தின் ‘டியோர்’; அந்நாளில் அதற்கு எந்த விலங்கும்தான் பொருள். பிற்பாடு அது மானுக்கு மட்டும் சுருங்கி ‘டீர்’ ஆனது. நாம் எல்லா விலங்குக்கும் சொல்லும் மிருகம், வடமொழியில் மானுக்கும் பெயர். மிருகசீரிடம் மான்தலை அல்லவா!

‘கன்பியூஸ்’ வேறு சரக்கு என்பதில் சார் கண்டிப்பாக இருந்தார். லத்தீனில் அது சேர்த்து ஊற்றுவது. “சோற்றில் குழம்பும் மோரும் ஒன்றாகக் கொட்டினால் குழப்பம். வழி தெரியாமல் நின்றால் திகைப்பு; அதுதான் பிவில்டர்.” பழந்தமிழில் திகை என்றாலே திசைதான் என்றும் சொன்னார். இன்றும் இரண்டையும் ஒன்றாக மொழிபெயர்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

சார் திருநெல்வேலிக்காரர். “எங்கள் பக்கம் திகைப்பூண்டு என்று ஒரு செடியைச் சொல்வார்கள். இருட்டில் அதை மிதித்தவன் விடியும்வரை ஒரே வயலைச் சுற்றிச்சுற்றி வருவானாம்.”

கடைசி பெஞ்சிலிருந்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான்: “கடலில் அந்தச் செடி உண்டா, சார்?”

“கடலில் ஏதப்பா செடி?”

“மார்கழிப் பனியில் எங்கள் அப்பாவுக்குக் கரையே தெரியவில்லை, சார். காசிமேடு என்று நினைத்து எண்ணூரில் போய் ஒதுங்கினார்.”

சார் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். அன்று பாடம் மேற்கொண்டு நகரவில்லை. எண்ணூரிலிருந்து அப்பா எப்படித் திரும்பினார் என்பதை மணி அடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு முழுக்க என் பெயர் மிராண்டி. கனடா வந்த பிறகு அப்படிக் கூப்பிட ஆளில்லை. போன பொங்கலுக்கு இங்குள்ள தமிழ்ச் சங்க ஒன்றுகூடலில், வாசலில் நின்று குளிர்கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “டேய், மிராண்டி!”

ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருந்தது. எந்த ஊரில் நிற்கிறேன் என்று அரை நிமிடம் எனக்குத் தெரியவில்லை.