காட்டுநாயைச் சுட அனுமதி இருந்ததா? பதில் வாங்க மூன்று மாதம்

போன வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஒரே பக்கம்: காட்டுநாயைச் சுட அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை. அதற்கு நான் அலைந்த அலைச்சல் வேறு யாருக்கும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே, காப்பக வேலியைத் தாண்டிப் போன ஆப்பிரிக்கக் காட்டுநாய் ஒன்றைப் பக்கத்துப் பண்ணையில் சுட்டுவிட்டார்கள். பேச்சில்தான் நாய்; விலங்கியல் பெயருக்குப் பொருள் 'வர்ணம் தீட்டிய ஓநாய்'. கூட்டத்தில் ஒன்று அடிபட்டுக் கிடந்தால் மற்றவை இரையைக் கக்கி அதற்கு ஊட்டும். உலகத்திலேயே சுமார் 6,600தான் மிச்சம். "அனுமதி வாங்கித்தான் சுட்டார்கள்" என்று எல்லோரும் சொன்னார்கள். அனுமதி இல்லாமல் சுட்டிருந்தால் 2004 பல்லுயிர்ச் சட்டப்படி 10 ஆண்டு வரை சிறை, 1 கோடி ராண்ட் வரை அபராதம். சரி, அந்த அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று 2000-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன்.

முதல் பயணமே வீண். லீவு போட்டு டர்பனிலிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கும் மாகாணத் துறை அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு ஜெராக்ஸ் படிவத்தை நீட்டினார். நின்றபடியே நிரப்பிக் கொடுத்தேன். "முத்திரை?" என்றேன். "அதெல்லாம் தேவையில்லை" என்று தட்டில் போட்டுவிட்டார். நம்பித் திரும்பினேன். இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தால், அப்படி ஒரு விண்ணப்பமே இல்லையாம். இருந்தாலும் செல்லாதாம்: அது பழைய படிவம், 2021 முதல் படிவம் 2தான். பழையதைக் கையில் கொடுத்ததே அவர்கள்தானே! அடையாள அட்டை நகல் வைக்க வேண்டும் என்றும் அப்போதுதான் சொன்னார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சாட்ஸ்வொர்த்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணா ஒருவர் இருக்கிறார். "தம்பி, சண்டை போடாதே, தகவல் பெறும் சட்டத்தின் பிரிவு 19-ஐக் காட்டு" என்றார். விண்ணப்பத்தில் குறை இருந்தால் அதைச் சொல்லி, சரிசெய்ய உதவி செய்வது அவர்கள் கடமை. வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய விண்ணப்பமென்றால் 14 நாளுக்குள் அவர்களேதான் அனுப்ப வேண்டும். அதனால் 'இங்கே இல்லை, அங்கே போங்கள்' என்றால் எழுந்து வராதீர்கள்.

இரண்டாம் முறை மின்னஞ்சலிலும் அனுப்பினேன், நேரிலும் கொடுத்தேன். முத்திரை விழுந்தது, ஆனால் மை காய்ந்து தேதி 11-ஆ 14-ஆ என்றே தெரியவில்லை. இன்னொரு முறை அழுத்தினார், இன்னும் மோசம். "கீழே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று நின்றேன். முகம் சுளித்தாலும் போட்டார். அந்தப் பேனாத் தேதிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

பதில் தர வேண்டிய 30 நாள் ஓடியது, பதில் இல்லை. மௌனத்தை மறுப்பாகத்தான் சட்டம் கணக்கில் எடுக்கிறது. ஆகவே காத்திருக்காதீர்கள். மாகாணத் துறையென்றால் 60 நாளுக்குள் படிவம் 4-இல் மேல்முறையீடு செய்யலாம். நான் மறுநாளே செய்தேன். தேதி தெளிவில்லை என்று அங்கேயும் இழுத்தார்கள். பேனாத் தேதியைக் காட்டினேன், வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒருநாள் போன் வந்தது: "அப்படி ஒரு காகிதமே இல்லை." எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அப்படியானால் அனுமதியே இல்லாமல்தான் சுட்டிருக்கிறார்கள்! உடனே அண்ணாவைக் கூப்பிட்டேன். "வாயால் சொன்னால் போதாது, பிரிவு 23-படி பிரமாணப் பத்திரம் கேள்" என்றார். ஆவணம் இல்லையென்றால், எங்கெல்லாம் தேடினோம் என்பதோடு சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை வந்தது அதுதான்.

திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு அந்தப் பண்ணை இருக்கும் எல்லையின் காவல் நிலையத்துக்குப் போனேன். இந்த முறை நகலும் பேனாவும் என் பையிலேயே இருந்தன. புகாரை எடுத்துக்கொண்டார்கள். நேற்று மாலை போனுக்குக் குறுஞ்செய்தியாக காஸ் எண், அதாவது போலீஸ் வழக்குப் பதிவு எண், வந்தது.