ஏழு பச்சையும் ஒரு பால்கனியும்

கட்டுமானத் தளத்தில் கான்கிரீட் போடுவதற்கு முன் ‘போர் கார்டு’ (pour card) என்று ஒரு தாள் சுற்றுக்கு வரும். சென்ட்ரிங், கம்பி, மின்குழாய், மட்டம் எல்லாம் சரி என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆலையில் கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டிக்குச் சொல்லலாம். சென்னையில் ஓர் அடுக்குமாடித் திட்டத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கும் நான், அந்தத் தாளோடு மாடி மாடியாக ஏறி இறங்கியவன். தாள் நனையும், தொலையும். கான்கிரீட் இறுகிய பிறகு வந்து சேர்ந்த கையெழுத்துகளும் உண்டு. எனவே நிர்வாகம் மென்பொருள் வாங்கியபோது மகிழ்ந்தேன். ஒப்புதல் படிகளை அமைக்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

அலுவலகத்தில் யாருக்குக் கீழே யார் என்று பார்த்துப் படிகளை அடுக்கினேன். அதுதான் கோளாறு. தளப் பொறியாளர், நான், மின்பணி, குழாய்ப்பணி, பாதுகாப்பு, திட்ட மேலாளர், கடைசியில் உரிமையாளர் தரப்பு ஆலோசகர். ஒருவர் அழுத்தினால்தான் அடுத்தவருக்குப் போகும்.

நான்காம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை கம்பியைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன். மறுநாள் காலை மின்பணியாளர்கள் குழாய் பதித்தார்கள். மதியத்துக்குள் ஏழும் பச்சை. வண்டிக்குச் சொல்லப் போனை எடுத்தபோது கம்பி மேஸ்திரி மேலேயிருந்து கூப்பிட்டார்: “சார், சொல்வதற்கு முன் ஒரு தடவை வந்து பாருங்கள்.”

பால்கனியில் மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் ‘சேர்’கள் மிதிபட்டுச் சாய்ந்திருந்தன. 150 மி.மீ. தடிமன் உள்ள தளம். பக்கப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து கம்பி வரை 20 மி.மீ. இருக்க வேண்டும், டேப் 55 காட்டியது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் இழுவிசை மேல்பக்கம் வரும். பாரத்தைத் தாங்குவதே அந்த மேல் கம்பிதான். அது கீழே உட்கார்ந்துவிட்டால் பால்கனி வேர் பிடிக்காத மரம்தான். செயலியில் என் ஒப்புதலோ நேரம், தேதியோடு பளபளத்தது. மேஸ்திரிக்கு அந்தச் செயலியில் கணக்கே கிடையாது.

அன்றிரவு படிகளைக் கலைத்தேன். எது எதற்குப் பிறகு கண்ணுக்கு மறையும், எவர் கால் எப்போது எங்கே படும் என்பதே புதிய வரிசை. மின்பணியும் குழாய்ப்பணியும் அக்கம்பக்கமாக ஒரே நேரத்தில் நடக்கும். அவர்கள் இறங்கிய பிறகு கம்பிக்கு இரண்டாம் பார்வை. நீட்டுத் தளங்களுக்கு டேப் வைத்த படம் கட்டாயம். திட்ட மேலாளருக்குத் தகவல் மட்டும் போகும். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. மூன்று மாதப் பதிவுகளைப் புரட்டினால் ‘நிராகரிப்பு’ ஒன்றுகூட இல்லை. அத்தனை சுத்தமான கட்டடம் உலகத்தில் ஏது? விசாரித்தபோது புரிந்தது. நிராகரித்தால் கோப்பு முதல் படிக்கே திரும்பியது. எல்லோரும் மறுபடி அழுத்த வேண்டியிருந்தது. ரெடிமிக்ஸை வண்டியில் ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். வண்டி வாசலில் நிற்கும்போது யார் நிராகரிப்பார்கள்? “கவர் பிளாக் நான்கு வைத்துவிடுங்கள்” என்று, கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விட வைக்கும் கட்டைகளைப் போனில் சொல்லிவிட்டுப் பச்சையை அழுத்தியிருக்கிறார்கள். இப்போது நிராகரித்தவரிடமே கோப்பு திரும்பி வருகிறது, காரணம் ஒரு வரி எழுதினால் போதும். அந்த மாதமே பதினொரு நிராகரிப்புகள். தரம் சரிந்துவிட்டதா என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்.

ஒருவர் ஊருக்குப் போனால் மாற்று ஆள் யார் என்பதையும் முன்பே பதிந்துவிட்டோம். பொங்கல் விடுமுறையில் கடவுச்சொல்லைப் போனில் கேட்டு வாங்கும் பழக்கம் அதோடு ஒழிந்தது.

கடைசி மாற்றத்துக்குத்தான் இன்னும் சண்டை. முன்பெல்லாம் கான்கிரீட் போட்டதும் ஆய்வு மூடிக்கொள்ளும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி, தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டருக்கு மேல் நீளும் தளத்தின் முட்டுகளை 14 நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும். கான்கிரீட் கட்டிகளை நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் சோதனையின் இறுதி முடிவு வர 28 நாள் ஆகும். இரண்டையும் படிகளாகச் சேர்த்துவிட்டேன். ஆகவே எந்தத் தளமும் ஒரு மாதத்துக்கு மஞ்சளாகவே நிற்கிறது. வாராந்திரக் கூட்டத்தில் மேலாளர் திரையைக் காட்டி, “இது எப்போதுதான் பச்சையாகும்?” என்கிறார். கான்கிரீட்டைக் கேளுங்கள் சார் என்கிறேன்.