9,000 ரூபாய் சான்றிதழ் தேவைப்படவில்லை

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எங்கள் முந்திரிக் கடையின் இணையதளத்தை யாராலும் திறக்க முடியாமல் போனது. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உள்ளே வரப் பார்த்த அத்தனை பேருக்கும் குரோம் சிவப்பு முக்கோணத்தைக் காட்டி, உங்கள் தகவல்களை யாரோ திருட முயலலாம் என்று எச்சரித்தது. வருடா வருடம் நான்கு கிலோ வாங்கும் கோவை அம்மா ஒருவர் தொலைபேசியில், “தம்பி, உங்கள் கடையில் திருடுகிறார்கள் என்று வருகிறதே?” என்று கேட்டார். மூன்று தலைமுறையாகப் பண்ருட்டி முந்திரி விற்கும் குடும்பத்துக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

தளத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டிக் காக்க எஸ்.எஸ்.எல். சான்றிதழ் வேண்டும். முந்தைய ஆண்டு பணம் கட்டி வாங்கிய அந்தச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. நினைவூட்டல் மின்னஞ்சல்கள் எல்லாம் தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞரின் முகவரிக்குப் போயிருக்கின்றன. அவர் வேலை மாறிச் சென்னைக்குப் போய்விட்டார். உங்கள் டொமைன், அதாவது தளப் பெயர், பதிவான கணக்கில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

தளத்தைத் தங்கள் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தை அழைத்தேன். “இலவசச் சான்றிதழ் பலவீனமானது சார், பணம் வாங்கும் தளத்துக்கு ஆகாது. நிறுவனத்தைச் சரிபார்த்துத் தருவதை வாங்குங்கள், 9,000 ரூபாய்” என்றார்கள். இருந்த பதற்றத்தில் நம்பிவிட்டேன். ஜி.எஸ்.டி. சான்று, பான் அட்டை, வங்கிக் கணக்கு நகல் எல்லாவற்றையும் உறையில் போட்டுக்கொண்டு, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பிப் பஸ் பிடித்துப் புதுச்சேரியில் இருக்கும் அவர்கள் அலுவலகத்துக்கே போனேன்.

அங்கிருந்தவர் தாள்களை இரண்டு முறை புரட்டினார். ஜி.எஸ்.டி. பதிவில் இருப்பது அப்பாவின் பெயர். கடைப் பலகையிலும் தளத்திலும் இருப்பது பாட்டியின் பெயர். பொருந்தவில்லை என்றார். கடையின் தொலைபேசி எண் பொது அடைவு ஏதாவதொன்றில் இருக்க வேண்டும், அந்த எண்ணில் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள் என்றார். லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடம் ஆகிறது. “அப்படியானால் தீபாவளிக்குள் நடக்காது சார்.” இந்த ஒரு வாக்கியத்தைத் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தால், வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எனக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் தேடிப் படித்தேன். தவளக்குப்பம் தாண்டுவதற்குள் எனக்குச் சொன்னது தவறு என்று தெரிந்துவிட்டது. தகவலைப் பூட்டும் குறியாக்கத்தின் வலிமை சான்றிதழின் விலையைப் பொறுத்தது அல்ல. இலவசத்திலும் அதே பூட்டுதான். டொமைன் நம் கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தருவது ஒரு வகை. நிறுவனத்தின் ஆவணங்களையும் பார்த்துத் தருவது இன்னொரு வகை. கூடுதல் பணம் அந்தச் சரிபார்ப்புக்குத்தான். அதிலும் உயர்ந்த வகைக்கு முகவரிப் பட்டையில் தெரிந்துகொண்டிருந்த நிறுவனப் பெயரைக் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2019-லேயே எடுத்துவிட்டன. கோவை அம்மாவின் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை. உங்களோடு வியாபாரம் செய்பவர்கள் ஒப்பந்தத்தில் அதைக் கேட்கிறார்கள் என்றால் வாங்கத்தான் வேண்டும். எங்களைப் போன்ற கடைக்கு அது வீண் செலவு என்பதே என் முடிவு.

அன்றிரவு, இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட்டிடமிருந்து ஒன்றைப் பெற, அதற்கான செர்ட்பாட் என்ற மென்பொருளை ஓட்டினேன். தோல்வி. மறுபடியும் தோல்வி. ஐந்து முறை தோற்றதும் காத்திருக்கச் சொல்லிவிட்டது. இதற்கென்றே அவர்கள் தனிச் சோதனைச் சர்வர் வைத்திருக்கிறார்கள். முதலில் அதில் முயன்று பாருங்கள். பிழைச் செய்தியை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். சி.ஏ.ஏ. என்று இருந்தது; டொமைனுக்கு யார் சான்றிதழ் தரலாம் என்று குறிக்கும் பதிவு அது. டொமைனின் பதிவுகள் இருக்கும் டி.என்.எஸ். பக்கத்தைத் திறந்தால், பழைய கட்டணச் சான்றிதழை வழங்கிய நிறுவனம் தவிர வேறு யாரும் இந்த டொமைனுக்குச் சான்றிதழ் தரக்கூடாது என்று ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனம் சென்ற ஆண்டு போட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இடத்தில் லெட்ஸ் என்க்ரிப்ட்டைப் போட்டேன். இரவு 11.40-க்குச் சான்றிதழ் வந்தது. அப்பா தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் கோவை அம்மாவை அழைத்தேன். “திறக்கிறது தம்பி” என்றார். நான்கு கிலோ முழு முந்திரி அன்றே கிளம்பியது.

இந்தச் சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். புதுப்பித்தல் தானாக நடக்க வேண்டும். நடக்குமா என்று செர்ட்பாட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம், பாருங்கள். எங்களுடையதைப் போல 80-ஆம் போர்ட் (சர்வருக்குள் வரும் வாசல்களில் ஒன்று) வழியாகச் சரிபார்ப்பு நடக்கிறது என்றால், மூடினால்தான் பாதுகாப்பு என்று யாராவது சொன்னார்கள் என்று அதை மூடிவிடாதீர்கள். புதிய சான்றிதழ் வந்த பிறகு வெப் சர்வர் அதை மறுபடி படிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்புவதை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. பணம் கட்டினால் ஓராண்டு கவலையில்லை என்பதும் இனி இல்லை. யார் வழங்கினாலும் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47.

கடைச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதித் தாளில் “சான்றிதழ் பார்” என்று அப்பா சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாளைக் கிழிக்கும் முன் எனக்குத் தொலைபேசி வருகிறது.